சர்வரில் ஃபைல் திருத்தப் பழக நானோவே போதும்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சின்னக் கடைகளின் இணையதளங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை, புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு லினக்ஸ் சர்வரில் ஃபைல் திருத்தச் சொல்லித்தருவதும் என் தலையில்தான். நானோ, விம் இரண்டும் கட்டளை தட்டும் திரையிலேயே (டெர்மினல்) ஃபைல் திருத்தும் எடிட்டர்கள். விம்மில் ஆரம்பித்தால்தான் உருப்படும் என்று நிறைய பேர் அடித்துச் சொல்வார்கள். நான் முதலில் கொடுப்பது நானோதான்.

காரணம், திறந்தவுடன் எழுத ஆரம்பித்துவிடலாம், என்ன செய்வது என்று முழிக்க வேண்டியதில்லை. திரையின் அடியில் இரண்டு வரிகளில் முக்கியமான கட்டளைகள் நிற்கும். அங்கே இருக்கும் கூரைக் குறி (^) கன்ட்ரோல் விசை, எம் எழுத்து ஆல்ட் விசை. இதை மட்டும் சொல்லிவிட்டால் மீதியை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். சேமிக்க கன்ட்ரோல் ஓ, அப்புறம் ஃபைல் பெயருக்கு ஒரு என்டர். தேட கன்ட்ரோல் டபிள்யூ, வெளியேற கன்ட்ரோல் எக்ஸ். சேமிக்காமல் கிளம்பினால் அதுவே கேட்கும். ஆல்ட் யூ தட்டினால் செய்த மாற்றம் நீங்கிப் பழையபடி ஆகிவிடும், இது கீழே கண்ணில் படாமல் போகலாம், அதனால் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

தீபாவளி நெருக்கத்தில் ஜாலான் மஸ்ஜிட் இந்தியா பக்கம் ஒரு சேலைக் கடையின் தளம் நின்றுபோனது. தளத்தை இயக்கும் வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ், தன் அமைப்பு ஃபைலில் 42ஆம் வரியில் பிழை என்றது. புதிதாக வந்த தம்பி நானோவுக்கும் ஃபைல் பெயருக்கும் நடுவில் +42 போட்டு நேராக அந்த வரியில் இறங்கி, "அண்ணே, இங்க ஒன்னுமில்லையே" என்றான். மேல் வரியைப் பார் என்றேன், செமிகோலன் விட்டுப்போயிருந்தது. செமிகோலன் இல்லாவிட்டால் அடுத்த வரியைப் படிக்கும்போதுதான் என்ஜின்எக்ஸுக்குக் குறை தெரியும், அதனால்தான் எண் தள்ளி வருகிறது.

குறையும் இருக்கிறது. 2019ல் வந்த 4.0 பதிப்புக்கு முந்திய நானோ நீளமான வரியைத் தானாகவே உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளும், கான்ஃபிக் ஃபைலில், அதாவது அமைப்பு ஃபைலில், அது பெரிய ஆபத்து. பழைய சர்வர் என்றால் கழித்தல் குறியோடு சின்ன டபிள்யூ (-w) சேர்த்துத் திறங்கள். தமிழ் உரை இருக்கும் ஃபைல்களில் பல டெர்மினல்களில் கர்சர் எழுத்தோடு ஒட்டாமல் தள்ளி நிற்கும், இது டெர்மினலின் குறை, விம்முக்குப் போனாலும் தீராது.

விம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 1976ல் பில் ஜாய் எழுதத் தொடங்கிய விஐ வழியில் வந்தது அது, நானோ இல்லாத சர்வரிலும் பெரும்பாலும் விஐ இருக்கும். அதில் மாட்டினால் எஸ்கேப் தட்டி, கோலன், கியூ, ஆச்சரியக்குறி போட்டு என்டர், எதையும் சேமிக்காமல் வெளியே வந்துவிடலாம். நானோ கைக்கு வந்தபிறகு விம்டியூட்டர் என்று தட்டுங்கள், அரை மணி நேரப் பாடம், நன்றாகவே அமைத்திருக்கிறார்கள். உபுண்டு லினக்ஸில் கிரான்டேப், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியல், திருத்தும்போது விஐ வந்து நின்றால் செலக்ட்-எடிட்டர் கட்டளையில் நானோவைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.