ஃபெட் மின்சுற்று சிமுலேஷன்: பத்தாம் வகுப்பில் தொடர்ந்து பயன்படுத்தியதில்

இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் (PhET) சிமுலேஷன்களில், அதாவது கணினித் திரையில் செய்துபார்க்கும் சோதனைகளில், மின்னோட்டவியல் பாடத்துக்கு அதிகம் கைகொடுப்பது நேர்மின்னோட்டச் சுற்று அமைக்கும் சிமுலேஷன்தான். இலவசம். ஒரே எச்டிஎம்எல் கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத வகுப்பிலும் ஓடும். வெறும் வெள்ளைத் திரை வந்தால் பெரும்பாலும் பிரவுசர் பழையது. முந்தின நாளே அதே கணினியில் ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

திறந்ததும் நீலக் குண்டுகள் ஓடும். அவை எலக்ட்ரான்கள், பாடநூல் அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் போகும். மரபு மின்னோட்டத்துக்கு (நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு) மாற்றாமல் ஆரம்பித்தால் பாதிப் பீரியட் அந்தக் குழப்பத்திலேயே போய்விடும். குண்டுகள் ஓடும் வேகத்தையும் நம்பக்கூடாது. வகுப்பில் கட்டும் சுற்றின் செம்புக் கம்பியில் எலக்ட்ரானின் நகர்வு விநாடிக்கு ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது.

பெரிய சிக்கல் வேறு: இதில் எல்லாமே கணக்குப்படி வரும். 3 வோல்ட், 10 ஓம் என்றால் அம்மீட்டர் 0.30 ஆம்பியர் காட்டும். அதையே 1.5 வோல்ட் டார்ச் செல் இரண்டு, 10 ஓம் மின்தடையாக்கி வைத்து மேசையில் கட்டினால் முள் 0.30-க்குக் கீழேயே நின்றுவிடும். சிமுலேஷனை முதலில் பார்த்த பிள்ளைகள் "மீட்டர் ரிப்பேர் சார்" என்பார்கள். அதனால் மேசைச் சுற்றுதான் முதலில். திரை அதற்குப் பிறகு. அளவீடு ஏன் குறைந்தது என்று ஊகிக்கவிட்டு, சிமுலேஷனின் ஆய்வகத் (Lab) திரையில் உள்ள மேம்பட்ட அமைப்பில் மின்கல அகமின்தடையை 1 ஓம் ஆக்கிக் காட்டலாம். மொத்தம் 11 ஓம், மீட்டரில் 0.27. செல்லுக்கு உள்ளேயும் தடை உண்டு என்பது அந்த ஒரு எண்ணில் விளங்கிவிடும்.

ஓம் விதி வரைபடத்துக்குப் பல்பைத் தொடாதீர்கள். சிமுலேஷனின் சாதாரணப் பல்பு நேர்கோடு தரும். நிஜ டார்ச் பல்பின் இழை சூடேற மின்தடை கூடும், கோடு வளையும். வரைபடத்துக்கு மின்தடையாக்கிதான் சரி.

கடைசி பெஞ்சுக்கு மீட்டர் எண் தெரியாது. கண்ட்ரோலும் பிளஸ்ஸும் அழுத்திப் பயனில்லை, படம் சன்னல் அளவுக்கே சுருங்கிக்கொள்ளும். திரையின் கீழ் மூலையில் உள்ள பெரிதாக்கும் பொத்தானை அழுத்த வேண்டும்.

தமிழ்ப் பதிப்புகள் தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தவை, கலைச்சொற்கள் எல்லா இடத்திலும் பாடநூலோடு ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. வித்தியாசப்படும் சொற்களை முன்கூட்டியே கரும்பலகையில் எழுதிப் போட்டால் போதும்.

மேசை முதலில், திரை பிறகு என்ற வரிசை குறுக்குச்சுற்றுக்கு மட்டும் வேண்டாம். மின்கலத்தில் தீ எழும் காட்சியைத் திரையில் மட்டுமே காட்டுங்கள், மேசையில் வேண்டாம்.