56 சதவீத வெள்ளிக் கம்பி: ஸ்டீல் ஃபிரேமில் சின்ன பாகங்கள் பற்றவைத்துப் பார்த்த அனுபவம்

பழைய ஸ்டீல் சைக்கிள் ஃபிரேம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறை தெரிந்திருக்கும். ஓட்ட சுகமாக இருக்கும், ஆனால் தண்ணீர் பாட்டில் கூடு மாட்ட மறை (திருகு இறங்கப் புரி வெட்டிய சின்ன உலோகத் துண்டு) இருக்காது, கேரியர் கட்ட இடம் இருக்காது, கியர் கேபிளுக்கு ஒரு பிடிப்பு இருக்காது. பட்டை போட்டு இறுக்கி ஓட்டலாம்தான், நானும் மூன்று வருடம் அப்படித்தான் ஓட்டினேன். ஒருநாள் பெயின்ட் அடிப்பதற்காக அந்தப் பட்டையைக் கழற்றினால் அடியில் பெயின்ட் முழுக்க அரைபட்டு, ஈரம் தங்கி, குழாயைச் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது நல்லவேளையாக மேலோடு போனது. இனி இந்த ஃபிரேமில் பட்டை கிடையாது, மறையைக் குழாயிலேயே பற்றவைத்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ரிவெட் நட் போடலாமே என்று பலர் சொன்னார்கள். தீயே வேண்டாம், பத்து நிமிட வேலை, உண்மைதான். ஆனால் அது மெல்லிய குழாயை நசுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற சமாச்சாரம், நாளாக நாளாகத் தளர்ந்து உள்ளேயே சுற்ற ஆரம்பித்தால் திருகைக் கழற்றுவதே பெரும்பாடு. எனக்கு மனம் ஒப்பவில்லை.

அப்படித்தான் ஹாரிஸ் நிறுவனத்தின் சேஃப்டி-சில்வ் 56 வெள்ளிக் கம்பியையும், அவர்களுடைய ஸ்டே-சில்வ் வெள்ளை ஃப்ளக்ஸையும் (சூட்டில் இரும்பு கருக்காமல் காக்கும் பசை) வாங்கினேன். கம்பி 1.6 மி.மீ. தடிமன். ஒன்றரை வருடத்தில் நான்கு ஃபிரேம்களில் எட்டு பாட்டில் மறை, பதினொரு கேபிள் ஸ்டாப் (கேபிள் உறையைத் தாங்கிப் பிடிக்கும் சின்ன பாகம்), சீட் ஸ்டேயில் (சீட்டிலிருந்து பின்சக்கரத்துக்கு இறங்கும் குழாய்) கேரியருக்கு நான்கு மறை, பம்ப் மாட்ட ஒரு கொக்கி என்று வைத்துப் பார்த்துவிட்டேன். அந்த அளவுக்குப் பழகிய பிறகுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கம்பி ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நூற்றுக்கு 56 பங்கு வெள்ளி, 22 செம்பு, 17 துத்தநாகம், 5 வெள்ளீயம். காட்மியம் இல்லை, அதைத் தனியாகப் பிறகு சொல்கிறேன். 618 டிகிரி செல்சியஸில் இளக ஆரம்பித்து 652-இல் முழுக்க ஓடிவிடும். பித்தளைக் கம்பி வைத்துப் பற்றவைக்க வேண்டுமென்றால் 870, 880 டிகிரிக்கு மேலே போக வேண்டும். நல்ல ஃபிரேமின் குழாய் முனைகளில் 0.9 மி.மீ. இருந்தால் நடுவில் 0.6 மி.மீ.தான் இருக்கும், பாட்டில் மறை வருவதோ அந்த நடுவில்தான். அந்த மெல்லிய இடத்தை ஆரஞ்சு நிறம் வரைக்கும் பழுக்கக் காய்ச்சுவதற்கும், மங்கலான செம்மை எட்டிப் பார்க்கும்போதே வேலையை முடித்துத் தீயை விலக்கிவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் குழாய்க்குப் பெரியது. 1935-இல் வந்த ரெனால்ட்ஸ் 531 மாதிரியான எஃகுக் குழாய்கள் அதிக சூட்டில் கெட்டுப்போகக்கூடியவை, பழைய ஃபிரேம் வைத்திருப்பவர்களில் பலரிடம் இருப்பதும் அதுதான்.

இன்னொரு லாபம் உண்டு. ஃபிரேமின் மூட்டுகள் பித்தளையில் பற்றவைத்தவையாக இருந்தால், 650 டிகிரியில் நீங்கள் பக்கத்தில் வேலை செய்தாலும் அவை அசையாது. அந்த மூட்டுகளே வெள்ளியில் வைத்தவை என்றால் மட்டும் அவற்றை நெருங்கிப் போகாதீர்கள்.

ஃப்ளக்ஸைப் பற்றித்தான் நான் நிறைய சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் பாதி அதில்தான் இருக்கிறது. நகை வேலை தெரிந்தவர்கள் வெங்காரம் போதாதா என்று கேட்பார்கள். வெறும் வெங்காரம் உருகவே 743 டிகிரி ஆகும். அது உருகிப் பரவி இரும்பைக் காப்பாற்ற வருவதற்குள் இந்தக் கம்பி ஓடி முடித்திருக்கும், இரும்பும் கருத்துப் போயிருக்கும். அதனால்தான் இதற்கு ஃப்ளூரைடு கலந்த வெள்ளைப் பசை. 565 டிகிரியிலேயே வேலையைத் தொடங்கிவிடும். அதைவிட முக்கியம், அது வெப்பமானி மாதிரி நமக்கு வழி சொல்லும். முதலில் கொதித்து நுரைத்து வெள்ளையாகப் பொருமும், அப்புறம் காய்ந்த சுண்ணாம்பு போல உட்காரும், பிறகு மெதுவாக உருகி, திடீரென்று தண்ணீர் ஊற்றினது போலத் தெளிந்து பளபளக்கும். அந்தத் தெளிவு வந்து சில நொடிகளில் கம்பியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். முன்னாடியே வைத்தால் கம்பி உருண்டை கட்டும், ரொம்ப நேரம் போனால் ஃப்ளக்ஸ் தீர்ந்து கறுக்க ஆரம்பிக்கும்.

டப்பாவைத் திறந்து வைத்தால் பசை இறுகிவிடும், எந்த ஃப்ளக்ஸுக்கும் உள்ள பழக்கம்தான். சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தால் பழையபடி ஆகிவிடும்.

ஒரு பாட்டில் மறை வைத்ததைச் சொன்னால் புரியும். இரண்டு மறைக்கும் நடுவே 64 மி.மீ., திருகு எம்5 (5 மி.மீ.), இது எல்லாக் கூடுகளுக்கும் ஒன்றுதான். டவுன் டியூபின் (ஹேண்டில் பக்கமிருந்து பெடல் பக்கம் இறங்கும் குழாய்) நடுக்கோட்டைக் குறித்து, சென்டர் பஞ்சால் லேசாகத் தட்டி, சின்ன டிரில்லில் தொடங்கி, கடைசியில் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் துளையைப் பெரிதாக்கினேன். மறை உள்ளே போகும்போது விரலால் அழுத்தினால் போக வேண்டும், கவிழ்த்தால் தானாக விழக்கூடாது. சுற்றிலும் 0.05-இலிருந்து 0.13 மி.மீ. வரைக்கும் இடைவெளி இருந்தால்தான் வெள்ளி தானாக உறிஞ்சிக்கொண்டு உள்ளே போகும். பெயின்ட்டைத் துளையைச் சுற்றி இரண்டு விரல்கடை அளவுக்கு எடுத்துவிட்டு, வெள்ளை வெளேரென்று இரும்பு தெரியத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்தபிறகு விரல் படவே விடவில்லை. மறைக்குள்ளே ஒரு பழைய எம்5 திருகை, பென்சில் கரியை நன்றாகத் தேய்த்து, போட்டு வைத்தேன். வெள்ளியோ ஃப்ளக்ஸோ மறைக்குள் இறங்காமல் இருக்க அது.

டார்ச் சாதாரண கைடார்ச்தான், வாயுவில் எரிவது, மஞ்சள் சிலிண்டர். முன்பு மாப் என்று விற்ற பழைய எரிவாயுக் கலவை 2008-ஓடு நின்றுவிட்டது, இப்போது அந்த மஞ்சள் சிலிண்டரில் வருவது பெரும்பாலும் புரோப்பிலீன். சின்ன பாகங்களுக்கு அது தாராளம். தீயை ஒரே இடத்தில் நிறுத்தாமல் மறையைச் சுற்றிச் சுற்றி வட்டமாக ஓட்டினேன். ஃப்ளக்ஸ் தெளிந்தது. கம்பி நுனியை மறையின் விளிம்பில் வைத்தேன், ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை, அடுத்த கணம் நுனி காணாமல் போய், மறையைச் சுற்றி வெள்ளியாக ஒரு வளையம் ஓடி மறுபக்கத்தில் தன்னைத்தானே பிடித்துக்கொண்டது. எட்டாவது மறையிலும் அந்த நொடியில் எனக்கு மூச்சு நின்றுதான் வந்தது.

சூடு எங்கே அதிகமோ அங்கேதான் வெள்ளி ஓடும் என்பதை நான் சேதப்பட்டுத்தான் கற்றேன். முதல் ஃபிரேமில் டாப் டியூபில் (மேல் குழாய்) பிரேக் கேபிளுக்கு ஒரு ஸ்டாப் வைத்தேன். சின்ன பாகம், என் கண் முழுக்க அதன் மேலேயே இருந்தது, தீயும் அதன் மேலேயே. அது சீக்கிரம் சிவந்தது, வெள்ளி அதன் மேல் அழகாகப் படிந்தது, வெளிப்பார்வைக்குக் குறை சொல்ல முடியாது. பெயின்ட் அடித்து, கேபிள் கோத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்துப் பார்த்தபோது டப்பென்று தனியாக வந்துவிட்டது. நல்லவேளை, ஓட்டத்தில் இல்லை, ஸ்டாண்டில் இருந்தது. அடியில் பார்த்தால் ஓரத்தில் மட்டும் நூல் மாதிரி வெள்ளி, நடுவில் முழுக்கக் கண்ணாடி போல உறைந்த ஃப்ளக்ஸ். குழாய் சூடேறவே இல்லை, சூட்டைப் பக்கத்துக்குப் பக்கம் கடத்திக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டாவது முறை தீயைக் குழாயில் வைத்தேன், ஸ்டாப் பக்கத்துச் சூட்டிலேயே தேவையானதை எடுத்துக்கொண்டது, கம்பியை ஒரு பக்கம் தொட்டு மறுபக்கம் வெள்ளி எட்டிப் பார்க்கிற வரைக்கும் காத்திருந்தேன். அந்த ஸ்டாப் இன்றைக்கும் நிற்கிறது. கம்பி மேல் ஒரு குற்றமும் இல்லை, ஆனால் வெளியே அழகாக இருப்பதை நம்பி விட்டுவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தக் கம்பியால் முடியாததும் உண்டு. தண்ணீராக ஓடுகிற குணம் இருப்பதால் பெரிய இடைவெளியை நிரப்பாது. துளையை அவசரத்தில் பெரிதாகப் போட்டுவிட்டு, கம்பியைக் கூடுதலாக ஊற்றி அடைத்துவிடலாம் என்று நினைத்தால் வெள்ளி முழுக்கக் குழாய்க்குள்ளே போய்விடும். கொழுமையாக, சரிவாக மூட்டைச் சுற்றி உலோகம் நிற்க வேண்டும் என்றால் பித்தளைதான். பின்சக்கரம் உட்காரும் டிராப்அவுட்டில் பாரம் தாங்கும் கேரியர் காது வைப்பதற்கும் நான் இதை எடுக்க மாட்டேன், அங்கே இரும்பு தடிமன், என் கைடார்ச்சுக்குச் சூடும் பத்தாது. ஸ்டெயின்லெஸ் பாகங்கள் வைப்பவர்கள் போரான் கலந்த கறுப்பு ஃப்ளக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், வெள்ளை ஃப்ளக்ஸ் அதில் சீக்கிரம் களைத்துவிடுகிறது. அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் இது பேச்சே இல்லை.

காட்மியம் விஷயம். பழைய பட்டறைச் சாமான்களோடு சேர்ந்து பெயர் எழுதாத வெள்ளிக் கம்பி சில நேரம் கைக்கு வரும், எனக்கும் ஒருவர் ஒரு கட்டுக் கொடுத்தார். பழைய 45 சதவீத வகைகளில் ஒன்றில் கால்பங்குக்கு நெருக்கமாகக் காட்மியம் இருக்கும். அது இன்னும் குறைந்த சூட்டில் அருமையாக ஓடும் என்பதுதான் ஆபத்து, ஏனென்றால் 767 டிகிரியில் காட்மியம் கொதித்துப் புகையாகிவிடும், அந்தப் புகை நுரையீரலை அன்றைக்கே கெடுக்கக்கூடியது. என்ன கலவை என்று தெரியாத கம்பியைத் தீயில் காட்டாதீர்கள். எனக்குக் கிடைத்ததை நான் திறக்கவே இல்லை. காட்மியம் இல்லாத கம்பியிலும் ஃப்ளக்ஸின் ஃப்ளூரைடு புகை உண்டு, அதனால் காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும், கையில் வெட்டுக்காயம் இருந்தால் பசை படக்கூடாது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், குரோம் பூச்சும் தீக்கு ஆகாது, இரண்டையும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் டார்ச்சைப் பற்றவையுங்கள். குழாய்க்குள் துரு தடுக்க மெழுகோ எண்ணெயோ அடித்திருந்தால் அது உள்ளே பற்றிக்கொண்டு புகையும், அதையும் முதலிலேயே கழுவிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் தண்ணீரில் முக்கிக் குளிர வைக்கக்கூடாது, தானாக ஆற வேண்டும். கை வைக்கும் சூட்டுக்கு வந்தபின் சுடுநீரில் நனைத்த துணியைச் சுற்றி அரைமணி நேரம் விட்டால் உறைந்த ஃப்ளக்ஸ் இளகிக் கழன்றுவிடும். அரத்தால் அதைத் தேய்க்கப் போனால் கண்ணாடி மாதிரி அரத்தின் பல்லை மழுங்கடிக்கும். முழுக்கப் போகாமல் பெயின்ட் அடித்தால் அடியிலேயே அரித்துக்கொண்டு இருக்கும், அதனால் பிரஷ் போட்டு, வெந்நீர் ஊற்றி, மறுபடி பிரஷ் போட்டு, உள்ளே ஒழுகியதும் போகிற வரைக்கும் விடாதீர்கள். கடைசியில் எம்5 டேப்பை (புரி வெட்டும் கருவி) ஒருமுறை மறைக்குள் ஓட்டிவிட்டால் திருகு விரலாலேயே இறங்கும்.

கம்பி எவ்வளவு தீரும் என்று கேட்பவர்களுக்கு: ஒரு பாட்டில் மறைக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஒரு கம்பியிலேயே ஒரு ஃபிரேமுக்கு வேண்டியதெல்லாம் முடிந்து மிச்சமும் இருந்தது. அந்த மிச்சத்தை உடைந்த ஃபிரேமிலிருந்து வெட்டிய குழாய்த்துண்டில் பழக வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து மறை வைத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றையும் ஹேக்ஸாவால் குறுக்கே அறுத்து உள்பக்கம் பாருங்கள். குழாய்க்கும் மறைக்கும் நடுவே வெள்ளிக் கோடு சுற்றிலும் விடாமல் தெரிகிறதா? தெரிந்தால் உங்கள் ஃபிரேமை ஸ்டாண்டில் ஏற்றுங்கள், தெரியாவிட்டால் இன்னொரு துண்டை எடுங்கள்.