ஒளிரும் எழுத்துகளைச் சொந்தப் பட்டறையில் செய்ய எந்த இயந்திரம் வாங்கலாம்: ஐந்து ஆண்டு அனுபவம்

சேனல் லெட்டர் எனப்படும், உள்ளே விளக்கு எரியும் பெட்டி வடிவ எழுத்துகளின் வேலையை வெளியே கொடுத்து வாங்கிய காலத்தில் எங்களை அதிகம் வாட்டியது விலை அல்ல. பத்து எழுத்துகளில் ஒன்பது ஒழுங்காக வந்திருக்கும். பத்தாவதின் பக்கவாட்டுத் தகடு நசுங்கியிருக்கும். அந்த ஒன்றைத் திருப்பி அனுப்பி, மறுபடி வரவழைத்து மாட்டுவதற்குள் வாடிக்கையாளரின் திறப்பு விழா முடிந்துவிடும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் எல்லாவற்றையும் நாங்களே செய்வது என்று இறங்கியதற்கு அந்தப் பத்தாவது எழுத்துதான் காரணம். இதே எண்ணத்தோடு இயந்திரம் தேடுபவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நாங்கள் முதலில் வாங்கியது தகட்டை வளைக்கும் தானியங்கி பெண்டிங் இயந்திரம். அடுத்து அக்ரிலிக் வெட்ட 100 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசர். கடைசியாக, கணினி வழிநடத்தச் சுழலும் கருவியால் தகடு வெட்டும் சிஎன்சி ரவுட்டர். இன்று வாங்குவதாக இருந்தால் இந்த வரிசையைத் தலைகீழாக்குவேன். எந்த எழுத்தானாலும் முகப்பு அக்ரிலிக்கையும் பின்தகட்டையும் வெட்டியே ஆக வேண்டும். வெட்டு துல்லியமாக இருந்தால் கையால் இயக்கும் பெண்டரை வைத்துக்கொண்டே மாதத்துக்குச் சில பலகைகளை நன்றாகச் செய்துவிடலாம். வெட்டு சரியில்லாவிட்டால் எத்தனை உயர்ந்த பெண்டரும் பயன்படாது. எங்கள் பெண்டர் முதல் எட்டு மாதமும் பெரும்பாலும் சும்மாதான் நின்றது. வெட்டுவதற்கு அப்போதும் வெளியாரைத்தான் நம்பியிருந்தோம்.

பெண்டர் தேர்வில் நாங்கள் செய்த பெரிய பிழை, விற்பவர் வளைத்துக் காட்டிய மாதிரி எழுத்துகளைப் பார்த்தே முடிவெடுத்தது. அவர் காட்டியவை ஆங்கில எழுத்துகள்: நேர்கோடுகள், அகன்ற வளைவுகள், கூரிய மூலைகள். எங்களிடம் வரும் வேலையில் பாதிக்கு மேல் தமிழ். 'ஞ', 'ஐ', 'இ', 'ண' ஆகியவற்றின் உட்சுழிகளை நினைத்துப் பாருங்கள். முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு 'ஞ' செய்தால் அதன் சிறிய சுழியின் ஆரம் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இருக்காது. முதல் முறை இயந்திரம் அந்த இடத்தை நெருங்கியபோது தகடு உருண்டு வரவில்லை. சிறு சிறு தட்டைகளாக மடிந்து, பலகோணம் போல வந்தது. வளைந்து வெளியே வந்த முனை, ஏற்கெனவே வளைத்த பகுதியிலேயே முட்டி நின்றது. இப்போது அத்தகைய சுழிகளை வரைபடத்திலேயே பிரித்துவிடுகிறோம். பெரிய வளைவுகள் இயந்திரத்தில், சுழி மட்டும் குழாயில் சுற்றிக் கையால், பிறகு இரண்டையும் உட்புறம் பட்டி வைத்து இணைக்கிறோம்.

மெய்யெழுத்தின் புள்ளி இன்னொரு தலைவலி. அது தனி எழுத்துக்குச் சமம்: தனி முகப்பு, தனி பின்தகடு, தனி வயர், தனி துளை. நாற்பது மில்லிமீட்டர் விட்டமுள்ள புள்ளிக்கு ஏறத்தாழ 126 மில்லிமீட்டர் பட்டைதான் தேவை. அவ்வளவு குட்டைத் துண்டை எங்கள் இயந்திரத்தால் பிடித்து முழு வட்டமாக்க முடியவில்லை. பட்டறையில் மூத்தவர் ஒருவர், 'அண்ணா, இதை ஏன் வளைக்க வேண்டும்? அலுமினியக் குழாயை நறுக்கினால் போதுமே' என்றார். அன்றிலிருந்து எங்கள் புள்ளிகள் எல்லாம் குழாய்த் துண்டுகள்தான். தையல் இல்லாததால் ஒளிக் கசிவும் இல்லை.

ஆகவே இயந்திரம் பார்க்கப் போகும்போது நீங்கள் செய்யும் எழுத்துகளின் கோப்பையும், நீங்கள் வழக்கமாக வாங்கும் தகட்டுச் சுருளையும் கையோடு கொண்டுபோங்கள். சுருள் முக்கியம். அலுமினியம் வளைத்த பிறகு சற்றே நிமிரும். கடினமான தகடு அதிகம் நிமிரும். பெட்டியில் 0.8 மில்லிமீட்டர் என்றே போட்டிருந்தாலும் ஒரு சுருளுக்கும் அடுத்ததற்கும் இந்த நிமிர்வு மாறுகிறது. புதிய சுருள் ஏற்றும்போதெல்லாம் ஒரு நேர்மூலையும் நூறு மில்லிமீட்டர் விட்ட வட்டமும் வளைத்துப் பார்த்து, அளவைத் திருத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறோம். மூலைக்காக உட்புறம் போடும் காடியின் (பள்ளக் கோட்டின்) ஆழமும் அப்படியே. அதிகம் இறங்கினால் தகடு முறிகிறது. குறைந்தால் மூலை மழுங்குகிறது. எழுத்துருக் கோப்பில் தேவையற்ற கணுக்கள் (கோட்டின் வடிவைத் தீர்மானிக்கும் புள்ளிகள்) நிறைந்திருந்தால் இயந்திரம் ஒவ்வொன்றிலும் தயங்கித் தயங்கி வளைத்து, தகட்டில் வரிவரியாகத் தடம் பதிக்கிறது. கணுக்களைக் குறைத்து வளைவுகளைச் சீராக்கும் வேலையைக் கணினியில் உட்கார்ந்து செய்ய ஒருவர் வேண்டும். அந்த ஆள் இல்லாமல் இயந்திரம் மட்டும் வாங்க வேண்டாம்.

லேசரைப் பற்றி எனக்குக் குறையில்லை. 3 மில்லிமீட்டர் பால்வெள்ளை அக்ரிலிக்கை ஓரம் பளபளக்க வெட்டித் தருகிறது. குளிர்விக்கும் நீரின் வெப்பநிலை, கண்ணாடிகளின் தூய்மை, புகைபோக்கி ஆகிய மூன்றையும் கவனித்தால் போதும். ஆனால் அதற்குள் எதை வைக்கிறோம் என்பதில் தளர்வே கூடாது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருநாள் வெள்ளை பிவிசி தகட்டை அக்ரிலிக் என்று நினைத்து வெட்டத் தொடங்கிவிட்டான். மூக்கைத் துளைக்கும் நெடி வந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியே ஓடினோம். பிவிசி எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வெளியாகும். அது நுரையீரலுக்கும் கேடு, இரும்புக்கும் கேடு. சில நாட்களிலேயே உள்ளே இருந்த தண்டுகளில் துரு பிடித்திருந்தது. இப்போது அடையாளம் தெரியாத தகடு எதுவானாலும் வெளியே வைத்துச் சோதிக்கிறோம். செம்புக் கம்பியைச் சுடவைத்து, தகட்டின் ஓரத்தில் தொட்டு, மீண்டும் தீயில் காட்டினால், பிவிசியாக இருந்தால் பச்சைச் சுடர் வரும். வந்தால் அது லேசருக்கு ஆகாது.

இன்னொன்று: லேசரில் வெட்டிய அக்ரிலிக் ஓரத்தை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள். வெப்பத்தால் ஓரத்தில் இறுக்கம் தேங்கியிருக்கும். திரவம் பட்டதும் மயிரிழை விரிசல்கள் ஓடும். பகலில் தெரியாது, விளக்கு எரிந்ததும் ஒவ்வொன்றும் தெரியும். சோப்பு நீரும் மென்மையான துணியும் போதும்.

ரவுட்டரைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பின்தகட்டுக்கான பிவிசி, ஏசிபி (நடுவில் பிளாஸ்டிக் வைத்த அலுமினியப் பலகை) இரண்டையும் அதுதான் வெட்டுகிறது. கொஞ்சம் மெதுவாக என்றாலும் ஒற்றைப் பல் வெட்டுக்கருவி போட்டால் அக்ரிலிக்கையும் வெட்டும். இடமும் பணமும் ஒரே ஒரு வெட்டும் இயந்திரத்துக்குத்தான் இருக்கிறது என்றால் ரவுட்டரை எடுங்கள். லேசர் பிறகு வரட்டும். தகட்டை உறிஞ்சிப் பிடிக்கும் மேசை உள்ளதாகப் பாருங்கள். இல்லாவிட்டால் சிறிய துண்டுகள் பறந்துவிடும்.

முகப்பை எத்தனை இறுக்கமாக வெட்டுவது என்பதை வெயில்தான் எங்களுக்குக் கற்றுத்தந்தது. ஒரு மீட்டர் அக்ரிலிக் முப்பது டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும். குளிர்ந்த காலை வேளையில் இடைவெளியே இல்லாமல் பொருத்திய பெரிய முகப்பு ஒன்று நண்பகலில் வில்லாகப் புடைத்து, ஒரு பக்கம் கழன்று நின்றது. அதன் பிறகு பெரிய எழுத்துகளில் சுற்றிலும் இடைவெளி விட்டு, அதை ட்ரிம் கேப் எனும் பிளாஸ்டிக் விளிம்புப் பட்டையால் மறைக்கிறோம்.

இயந்திரங்களுக்கே பணம் முழுவதையும் கொட்டிவிட்டு எல்இடியில் மிச்சம் பிடிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தெருவில் நிற்பவர் பார்ப்பது வெளிச்சத்தைத்தான். 80 மில்லிமீட்டர் ஆழமுள்ள எழுத்தில் எல்இடி மாட்யூல் (சில எல்இடிகள் சேர்ந்த சிறு விளக்குத் துண்டு) வரிசைகளுக்கு இடையே 80 மில்லிமீட்டருக்கு மேல் விடுவதில்லை. விட்டால் முகப்பில் பொட்டுப் பொட்டாக ஒளி தெரிகிறது. பவர் சப்ளையின் திறனில் எண்பது சதவீதத்துக்கு மேல் சுமை ஏற்றுவதில்லை. 1.2 வாட் மாட்யூல் அறுபது என்றால் 72 வாட். அதற்கு 100 வாட் பெட்டி. ஒட்டுவதற்குப் புளிப்பு நெடி அடிக்கும் சிலிக்கான் வேண்டாம், அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் செம்பையும் மின் இணைப்புகளையும் அரிக்கும். ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் நீர் வடியத் துளை இட வேண்டும், புள்ளிக்கும்கூட. செய்து முடித்த எழுத்துகளை இரண்டு நாள் தொடர்ந்து எரியவிட்டுப் பார்த்த பிறகே அனுப்புகிறோம். கெட வேண்டிய மாட்யூல் பெரும்பாலும் அதற்குள் கெட்டுவிடுகிறது, ஏணி ஏறும் வேலை மிச்சமாகிறது.

அடுத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எழுத்துகளுக்காக, உலோகம் வெட்டும் ஃபைபர் லேசர் வாங்கலாமா என்ற பேச்சு பட்டறையில் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்களிடம் உள்ள லேசர் அந்தத் தகட்டுக்குப் போதாது. ஆனால் ஸ்டீல் கேட்டு வரும் வேலை மாதத்துக்கு இரண்டோ மூன்றோதான். பெண்டரைச் சும்மா நிறுத்தி வைத்திருந்த அந்த எட்டு மாதத்தை நான் மறக்கவில்லை. இப்போதைக்கு ஸ்டீலை வெளியே வெட்டி வாங்குகிறோம், கூடுதலாக ஒரு செட் வெட்டச் சொல்லி.