காப்பர் டி ரெண்டே முக்கால் வருஷம், மிரேனா நாலாவது வருஷம்: ரெண்டும் போட்டுப் பார்த்த என் அனுபவம்

ரெண்டு குழந்தை போதும்னு முடிவு பண்ணியாச்சு, ஆபரேஷனுக்கு மனசு ஒப்பல, தினமும் ஞாபகம் வெச்சு மாத்திரை போடவும் முடியாது, அப்ப கர்ப்பம் ஆகாம இருக்க கருப்பைக்குள்ள வெக்கிற சாதனத்துல காப்பர் டியா இல்ல ஹார்மோன் இருக்கிற மிரேனாவான்னு யோசிச்சிட்டு இருக்கிற பொண்ணுங்களுக்காக இத எழுதறேன். எங்கிட்ட கேக்கிற எல்லாருமே "ஹார்மோன் உடம்புக்கு கெடுதலாமே, காப்பர் டி தானே சேஃப்"னு தான் ஆரம்பிக்கிறாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா முதல்ல பார்க்க வேண்டியது ஹார்மோன் இருக்கா இல்லையாங்கிறது இல்லங்க, உங்களுக்கு மாசாமாசம் பீரியட்ஸ் எப்படி போகுதுங்கிறது தான். இத எனக்கு யாரும் முன்னாடி சொல்லல, அதனால நான் பட்டது கொஞ்சநஞ்சம் இல்ல.

2019 மார்ச்ல ரெண்டாவது பையன் பொறந்தான், நார்மல் டெலிவரி. பிரசவ வார்டுல, நஞ்சுக்கொடி வெளிய வந்த கையோட "காப்பர் டி போட்டுரலாமாம்மா"ன்னு கேட்டாங்க. அந்த நேரத்துல யார் என்ன கேட்டாலும் தலையாட்டத் தான் தோணும், ஆட்டிட்டேன். குழந்தை பொறந்து 10 நிமிஷத்துக்குள்ளயோ இல்ல 48 மணி நேரத்துக்குள்ளயோ போடுற முறை இருக்கு, அது தப்பான முறை இல்ல, கர்ப்பவாய் அப்ப திறந்தே இருக்கிறதால போடும்போது எனக்கு தனியா வலியும் தெரியல. என் ஆதங்கம் என்னன்னா, ஒன்பது மாசம் செக்கப்புக்கு போனேன், ஒரு தடவை கூட இதப்பத்தி யாரும் உக்கார வெச்சு பேசல, "உனக்கு தலைக்கு குளிக்கிறப்ப எத்தனை நாள் போகும், கட்டி கட்டியா வருமா"ன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே எனக்கு ஆறு நாள், முதல் ரெண்டு நாள் அதிகம்னு சொல்லியிருப்பேன்.

தாய்ப்பால் குடுத்துட்டு இருந்ததால ஒன்பது மாசம் பீரியட்ஸே வரல, எல்லாம் நல்லாத் தான் போகுதுன்னு இருந்தேன். அப்புறம் வந்துச்சு. ஆறு நாள் ஒன்பது நாள் ஆச்சு, ரெண்டாவது நாள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட், ராத்திரில ரெண்டு பேட் சேர்த்து வெச்சு கீழ பழைய துண்டு விரிச்சு படுப்பேன். நான் ஸ்கூல் டீச்சர், நாலு பீரியட் தொடர்ந்து நின்னுட்டே க்ளாஸ் எடுக்கணும். ஒரு நாள் பஸ்ல இறங்க எழுந்திருக்கிறேன், உக்காந்திருந்த சீட்ல ரத்தம். பின்னாடி நின்ன ஒரு அக்கா எதுவும் பேசாம அவங்க துப்பட்டாவ எடுத்து என் இடுப்புல சுத்திவிட்டு, தண்ணி பாட்டில் எடுத்து அவங்களே சீட்ட துடைச்சாங்க. பேர் கூட தெரியாது. அவங்கள நெனச்சா இப்பவும் கண்ணு கலங்கும்.

"காப்பர் டி போட்டா முதல் ஆறு மாசம் அப்படித்தான் இருக்கும், செட் ஆயிரும்"னு எல்லாரும் சொன்னாங்க. நெறைய பேருக்கு அது உண்மை, மூணுல இருந்து ஆறு மாசத்துல குறைஞ்சிடும். எனக்கு குறையல, நானும் பல்லக் கடிச்சிட்டு ஒன்றரை வருஷத்துக்கு மேல ஓட்டினேன், கொரோனா நேரம் வேற, ஆஸ்பத்திரி பக்கம் போகவே பயம். 2021ல மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, முடி கொத்து கொத்தா கொட்டுது, ரத்தம் டெஸ்ட் பண்ணினா ஹீமோகுளோபின் 8.1. பொண்ணுங்களுக்கு 12 இருக்கணும். நம்ம ஊர்ல ஏற்கனவே பாதிப் பொண்ணுங்களுக்கு மேல ரத்தசோகை (2019-21 தேசிய குடும்பநல சர்வேல இந்தியா முழுக்க 57 சதவீதம்), அப்படி இருக்கும்போது காப்பர் டி போடறதுக்கு முன்னாடி ரத்த அளவையும் பீரியட்ஸையும் கேக்காம விடறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு.

அப்புறம் தான் வேற ஒரு டாக்டரம்மாகிட்ட போனேன். அவங்க கேட்ட முதல் கேள்வியே "ஒரு நாளைக்கு எத்தனை பேட் மாத்துறம்மா, எவ்ளோ நனையுது". நேரா காப்பர் டி மேல பழி போடல, ஸ்கேன் எடுத்து கட்டி கிட்டி இல்லன்னு பார்த்தாங்க, தைராய்டு பார்த்தாங்க, ரெண்டு தடவை அயர்ன் ட்ரிப் ஏத்தினாங்க. பொறுமையா விளக்கமும் சொன்னாங்க. காப்பர் டில இருந்து கொஞ்சம் கொஞ்சமா தாமிரம் கசிஞ்சு கருப்பைக்குள்ள ஒரு லேசான அழற்சிய உண்டாக்கும், அந்தச் சூழல்ல விந்தணு உயிரோட நீந்திப் போக முடியாது, அதனால கரு உருவாகவே விடாது. கருவக் கலைக்கிற சாமான்னு சிலர் நெனச்சிட்டு இருக்காங்க, அது அப்படி இல்ல. அந்த அழற்சி தான் ரத்தப்போக்கையும் வலியையும் கூட்டுது. ஏற்கனவே அதிகமா போறவங்களுக்கு அது எரியிற விறகுல எண்ணெய் ஊத்துற மாதிரி.

எடுக்கிறதுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகல, இரும சொன்னாங்க, இருமறதுக்குள்ள அதுல இருந்து கர்ப்பவாய் வழியா தொங்கற நூலப் பிடிச்சு இழுத்துட்டாங்க. ஒரு சுருக்குனு ஒரு வலி, அவ்ளோதான். ட்ரேல வெச்சு காட்டினாங்க. தீக்குச்சிய விட சின்னது, வெள்ளை பிளாஸ்டிக்ல டி எழுத்து, தண்டுல செம்புக் கம்பி நெருக்கமா சுத்தி, ரெண்டு கையிலயும் செம்புக் குழாய் மாதிரி ஒரு பட்டை. புதுசுல பளபளன்னு இருக்குமாம், எனக்கு எடுத்தது கருத்துப்போய் இருந்துச்சு. இந்த சின்னதா என்ன அவ்ளோ பாடு படுத்துச்சுன்னு பார்த்துட்டே இருந்தேன்.

அதே டேபிள்ல அன்னிக்கே மிரேனா போட்டாங்க. இதுவும் டி வடிவம் தான், தண்டுல செம்புக்கு பதிலா லெவோநார்ஜெஸ்ட்ரல்ங்கிற ஹார்மோன் 52 மில்லிகிராம் இருக்கும், ஆரம்பத்துல ஒரு நாளைக்கு 20 மைக்ரோகிராம் அளவு கருப்பைக்குள்ளயே கசியும். மாத்திரை மாதிரி வயித்து வழியா ரத்தத்துல கலந்து உடம்பு பூரா சுத்தறது இல்ல, ரத்தத்துல போறது ரொம்ப கம்மி. கர்ப்பவாய்ல இருக்கிற சளிய கெட்டியாக்கி விந்தணுவ உள்ள விடாது, கருப்பையோட உள்சவ்வ மெலிசாக்கிடும். சவ்வு மெலிசானா மாசாமாசம் உதிர்றதுக்கு பெருசா ஒண்ணும் இருக்காது, அதனால ரத்தப்போக்கு குறையுது. கர்ப்பத்தடைக்கு மட்டும் இல்லாம, அதிக ரத்தப்போக்குக்கே இத மருந்தா குடுக்கிறாங்க, பல பேரு இதனால கருப்பை எடுக்கிற ஆபரேஷன்ல இருந்து தப்பிச்சிருக்காங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க.

வலியப் பத்தி மறைக்காம சொல்றேன், போடும்போது வலிச்சுது. கர்ப்பவாயப் பிடிச்சு, கருப்பையோட ஆழத்த ஒரு மெல்லிசுக் கம்பியால அளந்து, அப்புறம் குழாய் வழியா உள்ள விடறாங்க, அந்த அளக்கிற நேரம் அடிவயித்துல இறுக்கிப் புழிஞ்ச மாதிரி இருந்துச்சு, மொத்தம் மூணு நாலு நிமிஷம் இருக்கும். பிரசவ வலி பார்த்த எனக்கே கண்ணு இருட்டுச்சு, குழந்தை பெறாதவங்களுக்கு இன்னும் கூட இருக்கலாம். மரத்துப் போற ஊசியோ ஜெல்லோ போட முடியுமான்னு முன்னாடியே கேளுங்க, கேக்கறது உங்க உரிமை, அமெரிக்காவுல 2024ல வந்த வழிகாட்டுதல்ல கூட வலிக்கு என்ன பண்ணலாம்னு முன்னாடியே பேசணும்னு சேர்த்திருக்காங்க. போய்ட்டு வர கூட ஒரு ஆள் இருக்கட்டும், அன்னிக்கு லீவ் போட்டுருங்க.

அடுத்த அஞ்சு மாசம் தான் பொறுமைய சோதிச்ச காலம். ரத்தம் அதிகம் இல்ல, ஆனா நிக்கவே நிக்காது, பிரவுன் கலர்ல கொஞ்சம் கொஞ்சமா தினமும், மாசத்துல 18, 20 நாள் பேண்டி லைனர் வெச்சிட்டே இருந்தேன், இதயும் எடுத்துடலாம்னு ரெண்டு தடவை கிளம்பிட்டேன். டாக்டரம்மா "ஆறு மாசம் குடும்மா"ன்னு முன்னாடியே சொல்லியிருந்ததால பொறுத்துக்கிட்டேன். ஆறாவது மாசத்துல இருந்து மேஜிக் மாதிரி குறைஞ்சுது. ஒரு வருஷத்துல ஹீமோகுளோபின் 12. இப்ப ரெண்டு நாள் லேசா படும், சில மாசம் அதுவும் இல்ல. ஒரு வருஷம் முடியறப்ப அஞ்சுல ஒருத்தருக்கு பீரியட்ஸ் சுத்தமா நின்னே போயிடுமாம்.

இதுக்கு தான் எங்க அத்தை ரொம்ப பயந்தாங்க. "கெட்ட ரத்தம் வெளிய போகலன்னா உடம்புல தங்கி கட்டியாயிரும்டி"ன்னு தினமும் சொல்லுவாங்க. அவங்களுக்கு நான் சொன்னது இதான்: தங்கறதுக்கு உள்ள ரத்தம் சேரவே இல்ல அத்தை, அடுப்புல பாலே வைக்கலன்னா எங்கேர்ந்து பொங்கும். அவங்க பயத்துலயும் நியாயம் இருக்கு. 1965ல அரசாங்கம் லூப் திட்டம் கொண்டு வந்தப்ப, பிளாஸ்டிக் வளையம் மாதிரி ஒண்ண கேம்ப் போட்டு போட்டாங்க, ரத்தப்போக்கு வந்தா பின்னாடி பார்க்க ஆளில்லாம நெறைய பொண்ணுங்க கஷ்டப்பட்டாங்க. எங்க பாட்டி காலத்து அந்த பயம் தான் இன்னிக்கும் "உள்ள எதையும் வெக்காத"ன்னு வருது. அதனாலயோ என்னவோ, தமிழ்நாட்டுல கல்யாணமான பொண்ணுங்கள்ல பாதிக்கு மேல ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க தான்.

மிரேனால எனக்கு வந்த தொந்தரவையும் சொல்லணும். முதல் மூணு நாலு மாசம் தாடைல பரு, மார்பு லேசா வலிச்சுது, ரெண்டாவது வருஷம் ஸ்கேன்ல ஓவரில நீர்க்கட்டி ஒண்ணு தெரிஞ்சுது, மூணு மாசத்துல தானா போயிடுச்சு, இது இதுல சகஜம்னாங்க. எடை எனக்கு ஏறல. சிலருக்கு மனசு சோர்ந்து போறது, தலைவலி எல்லாம் வருது, அப்படி இருந்தா சகிச்சிக்காதீங்க, எடுத்துடலாம். செலவு தான் பெரிய இடி, காப்பர் டி அரசு ஆஸ்பத்திரில இலவசம், இது தனியார்ல எல்லாம் சேர்த்து ஐந்து இலக்கத்துல வந்துச்சு, நகைச்சீட்டுக் காச எடுத்து தான் கட்டினேன். காப்பர் டில 380ஏங்கிற வகை 10 வருஷம் வரும், 375ங்கிற வகை அஞ்சு வருஷம். மிரேனா எனக்கு அஞ்சு வருஷம்னு கார்டுல எழுதிக் குடுத்தாங்க, கர்ப்பத்தடைக்கு மட்டும்னா 8 வருஷம் வரைக்கும்னு அமெரிக்காவுல 2022ல அனுமதி குடுத்திருக்காங்க, ரத்தப்போக்குக்காக போட்டவங்களுக்கு அஞ்சு தான் கணக்கு.

கர்ப்பத்தடைய பொறுத்தவரை ரெண்டுமே கெட்டி. வருஷத்துக்கு நூறு பேருல ஒருத்தருக்கும் குறைவா தான் தவறும், மிரேனா இன்னும் கொஞ்சம் மேல. எடுத்த உடனே கர்ப்பம் தரிக்கலாம், ரெண்டுக்குமே அது பொருந்தும். ரெண்டுமே பால்வினை நோயத் தடுக்காது, அதுக்கு காண்டம் தான். பாதுகாப்பு இல்லாம உறவு வெச்சு 5 நாளுக்குள்ள அவசரத் தடையா போட காப்பர் டி ரொம்ப நல்லா வேலை செய்யும், இது பல பேருக்கு தெரியாது. போட்ட ஆறு வாரத்துல ஒரு செக்கப் போயிடுங்க. நூல் இருக்கான்னு மாசம் ஒரு தடவை விரல வெச்சு பாருங்க, நூல் கையில படல, இல்ல திடீர்னு நீளமா தெரியுதுன்னா ஸ்கேன் எடுக்கணும், சிலருக்கு தானா நழுவி வெளிய வந்துடும், பிரசவம் முடிஞ்ச உடனே போட்டவங்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். ஆயிரத்துல ஒருத்தருக்கு கருப்பைச் சுவர துளைச்சிடவும் செய்யும். காய்ச்சல், துர்நாற்றமா வெள்ளைப்படறது, தாங்க முடியாத அடிவயித்து வலி, இதுல எது வந்தாலும் தள்ளிப் போடாதீங்க.

இதெல்லாம் படிச்சிட்டு எல்லாரும் மிரேனாவுக்கு ஓட வேணாம். எங்க ஸ்கூல் அக்கா ஒருத்தங்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து குணமாச்சு, அவங்களுக்கு ஹார்மோன் எதுவும் கூடாதுன்னு காப்பர் டி தான் போட்டாங்க, அந்த இடத்துல அதுக்கு ஈடே இல்ல. என் தங்கச்சிக்கு கர்ப்பத்தடை மாத்திரை போட்டப்ப ஒரே அழுகையா வரும், அவளுக்கு பீரியட்ஸ் மூணே நாள், காப்பர் டி போட்டு அஞ்சு நாள் ஆச்சு, அவ்ளோதான், ஆறு வருஷமா அது இருக்கிறதே மறந்துட்டா. காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தாலோ, கருப்பைல கிருமித்தொற்று இருந்தாலோ ரெண்டுமே வேணாம், முதல்ல அதப் பார்க்கணும்.

நாத்தனாருக்கு அடுத்த மாசம் பிரசவம். போன ஞாயித்துக்கிழமை வளைகாப்புக்கு போனப்ப அவள தனியா கூட்டிட்டுப் போய் கேட்டேன். "எனக்கு நாலு நாள் தான் அண்ணி, வலியே இருக்காது"ன்னா, செக்கப் அட்டைல ரத்தம் 11.9 இருந்துச்சு. அவ கையில காசு இறுக்கம், அடுத்த குழந்தை எப்போன்னும் முடிவு பண்ணல. அடுத்த செக்கப்ல, வலி வர்றதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட உக்காந்து பேசி அட்டைல எழுத வெச்சிடு, உனக்கு காப்பர் டி போதும்னு தான் எனக்கு தோணுது, ஆறு மாசம் தாண்டியும் அதிகமா போச்சுன்னா மட்டும் என்ன மாதிரி பல்லக் கடிச்சிட்டு இருக்காம எனக்கு ஃபோன் பண்ணுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.