பில் போடும் ஆப்: கணக்கு சுத்தம், கொம்புதான் தகராறு

வருடச் சந்தாவைக் குறைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பக்கத்து ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பன் போன் செய்தான். "மாப்ள, நீ வச்சிருக்கிற பில் ஆப்பை நானும் வாங்கலாமா?" ஆப்பின் பெயரை இங்கே போடவில்லை. திட்டப் போகிறேன், எதற்கு வம்பு. பில், ஸ்டாக், பாக்கிக் கணக்கு, புளூடூத் பிரிண்டர் என எல்லா ஆப்பிலும் இருப்பதெல்லாம் இதிலும் உண்டு.

நல்லதைச் சொல்லாவிட்டால் பாவம். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி மாறியது நினைவிருக்கும். நெய் 12 சதவீதத்திலிருந்து 5-க்கு வந்தது; குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை 18-லிருந்து 5-க்கு. ஒவ்வொரு பொருளாகத் திறந்து மாற்றியிருந்தால் விடிந்திருக்கும். இதில் எச்எஸ்என் எண், அதாவது வரிக்காகப் பொருட்களை வகை பிரிக்கும் எண், 3305 என்று தட்டியதும் கடையிலுள்ள ஷாம்பு, தலைக்குத் தடவும் தைலம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. 18-லேயே நின்றுவிட்ட ஹேர் டையை மட்டும் விலக்கிவிட்டு, மொத்தமாக மாற்றினேன். எண் தெரியாதவர்கள் ஜிஎஸ்டி தளத்திலேயே தேடிக்கொள்ளலாம், அதற்குக் காசு கிடையாது. காலாண்டு முடிந்ததும் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்குக் கோப்பு தானாகத் தயாராகிவிடுகிறது. அதைத் தாக்கல் செய்யக் கடைசி நாளான 13-ஆம் தேதி நெருங்கும்போது ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து யாரும் என்னை விரட்டுவதில்லை.

சரி, இப்போது எரிச்சலுக்கு வருவோம்.

என் கடையில் இருப்பது 58 மில்லிமீட்டர் ரோல் பிரிண்டர். ஆங்கிலம் என்றால் வரிக்கு 32 எழுத்து, விறுவிறுவென்று அடித்துத் தள்ளும். தமிழ் எழுத்து அதனுள் கிடையாது. ஆப்தான் தமிழைப் படமாக்கி, 384 புள்ளி அகலத்துக்குள் அடக்கி அனுப்ப வேண்டும். அந்தப் படத்தை இந்த ஆப் ஒழுங்காகச் செய்வதில்லை. கொண்டைக்கடலை என்று போட்டால் க தனியாக நிற்கிறது, கொம்பு அதற்குப் பின்னால் ஒரு புள்ளி வட்டத்தில் தொங்குகிறது, கால் எங்கேயோ போகிறது. பருப்பும் உருக்குலைந்துதான் வருகிறது, ஆனாலும் படித்துவிடலாம். மாதச் சாமான் வாங்கும் பெரியம்மா ஒருவர் பில்லை வரிவரியாகப் பார்ப்பவர். "தம்பி, பருப்புக்கும் மல்லிக்கும் நடுவுல இது என்னப்பா?" என்பார். அவர் சுட்டுகிற வரியை நானும் விலையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன்.

இதே பில்லை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் எழுத்து அவ்வளவு அழகாக இருக்கிறது! போனுக்குத் தமிழ் தெரிகிறது. பிரிண்டருக்குப் போகும் வழியில்தான் தொலைகிறது. செய்யவே முடியாது என்றால் மனசு ஆறிவிடும். முடிகிற வேலையைச் செய்யாமல் வைத்திருக்கிறார்கள். உதவி எண்ணில் கூப்பிட்டால் "அடுத்த அப்டேட்ல சரியாயிடும் சார்" என்கிறார்கள். அப்டேட் வருகிறது, அதில் தீபாவளி வாழ்த்து அட்டையும் கடன் விளம்பரமும் வருகின்றன. ஒரே ஒரு அப்டேட்டில் கொம்பு சரியான இடத்தில் உட்கார்ந்தது, கடைப் பையனிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். அதற்கடுத்ததில் பழைய குருடி கதவைத் திறடி.

ஆங்கிலத்திலேயே அடித்துக் கொடுக்கலாமே என்பான் நண்பன். டவுனில் கடை வைத்திருப்பவன் அப்படித்தான் பேசுவான். பில் எனக்காக அடிப்பதில்லை. கொடுத்த காசுக்குச் சாமான் வந்ததா என்று வாங்குகிறவர் பார்ப்பதற்காக அடிப்பது.

ஆகவே மாப்ள, வாங்காதே. சந்தா பாதியானாலும் வாங்காதே. நான் புதுப்பிக்கத்தான் போகிறேன், அது வேறு விஷயம். ஊர் பாக்கி முழுவதும் அதற்குள் கிடக்கிறது, இன்னொன்றுக்கு மாற்றி ஏற்ற எனக்குப் பொறுமை இல்லை. மீறி வாங்குவதென்றால், இலவசமாகப் பார்க்கத் தரும் நாட்களிலேயே உன் பிரிண்டரில் நெய், கோதுமை, சோம்பு மூன்றையும் அடித்துப் பார். அப்புறம் பணம் கட்டு.