ஒன்பது விண்டர் ஓடிய எங்கள் ஃபர்னஸ்: சூட்டில் குறையில்லை, தண்ணீர்தான் தொல்லை

கனடாவில், டொரொன்ரோவுக்குப் பக்கத்திலுள்ள ஏஜக்ஸில் வீடு வாங்கியிருக்கும் மருமகன் போன வாரம் கேட்டான்: "மாமா, உங்கட வீட்டு ஃபர்னஸ் எப்படி? அதே மொடலை விலை குறைத்துத் தாறம் என்கிறார்கள். எடுக்கலாமா?" போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன். ஃபர்னஸ் என்றால், எரிவாயுவை எரித்து, குழாய்கள் வழியே வீடு முழுக்கச் சூடான காற்றை அனுப்பும் மெஷின்.

2016 ஒக்ரோபரில் எங்கள் ஸ்காபரோ வீட்டு பேஸ்மென்டில் பூட்டியது. மணிக்கு 60,000 பிடியு (சூட்டை அளக்கும் அலகு), 96 சதவீதத் திறன், இரண்டு நிலையில் எரியும். மற்ற விவரமெல்லாம் கடைக்காரர் தரும் தாளிலேயே இருக்கும்.

முதலில் அதன் நல்ல குணம். சத்தமே இல்லை. பழைய ஃபர்னஸ் பற்றும்போது தகரக் குழாயெல்லாம் டம்மென்று அதிரும். அதற்கு நேர் மேலேதான் அம்மாவின் அறை. ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டு எழும்புவார். புதியது பூட்டிய மறுநாள் காலை, "இரவு ஹீற்றர் போடவில்லையோ? குளிரவும் இல்லையே" என்று கேட்டார். பெரும்பாலான நேரம் குறைந்த நிலையிலேயே மெதுவாக ஓடி, வீடு முழுக்க ஒரே சீராகச் சூட்டைப் பரப்புகிறது. அம்மா நிம்மதியாக நித்திரை கொண்டதற்காகவே இந்த மெஷினுக்கு நான் நன்றி சொல்வேன்.

இனித் தண்ணீரின் கதை. எரிவாயு எரிந்தால் நீராவி வரும். பழைய ஃபர்னஸ்கள் அந்த ஆவியைச் சூட்டோடு சேர்த்துப் புகைபோக்கி வழியே வெளியே விட்டன. இந்தப் புது வகை அதைக் குளிரவைத்து, அதிலுள்ள சூட்டையும் பிடித்துக்கொள்கிறது. 96 சதவீதம் வருவது அப்படித்தான். ஆனால் ஆவி குளிர்ந்தால் தண்ணீராகத்தானே வேண்டும்? கடும் குளிரில் ஒரு மணிநேரம் விடாமல் ஓடினால் ஒரு லீட்டருக்கு மேல் வரும். அதுவும் புளிப்புத் தன்மையுள்ள, அமிலம் கலந்த தண்ணீர். அது முழுவதும் கையளவு கறுப்பு பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றுக்குள் இறங்கி, மெல்லிய குழாய் வழியாக பேஸ்மென்ட் வடிகாலுக்குப் போக வேண்டும். அந்தப் பெட்டியை ட்ராப் என்பார்கள். அது அடைத்தால் தண்ணீர் பின்னுக்கு ஏறும், புகை சரியாக வெளியேறுகிறதா என்று காவல் பார்க்கும் பிரஷர் ஸ்விட்ச் அனுமதி தராது, ஃபர்னஸ் பற்றவே பற்றாது.

2019 ஜனவரியில் அதுதான் நடந்தது. விடிய மூன்று மணி, வெளியே மைனஸ் 20. தெர்மோஸ்டாட்டில் 15 பாகை. கீழே போய்ப் பார்த்தால், கண்ணாடித் துவாரத்துக்குள் சிவப்பு விளக்கு மும்மூன்று தடவை மினுங்கி நிற்கிறது. அம்மாவுக்கு மூன்று போர்வை போர்த்திவிட்டு, வந்தவர் ட்ராப்பைக் கழற்றும்வரை பக்கத்திலேயே நின்றேன். உள்ளே இருந்தது, புளி கரைத்த சட்டியின் அடியில் தங்குமே, அந்த நிறத்தில் ஒரு வழுவழுப்பான சகதி. குழாய்த் தண்ணீரில் இரண்டு தடவை அலசினார், பத்து நிமிடத்தில் சூடு வந்தது. இரவுக் கட்டணம் 249 டொலர்.

காசு போனது கூடப் பெரிதில்லை. அதற்கு மூன்று மாதம் முன்னர்தான் வருடாந்த சேர்விஸ் செய்திருந்தோம். வந்தவர் ஃபில்டர் மாற்றினார், வாக்யூம் பிடித்தார், தேதி போட்டு ஸ்டிக்கர் ஒட்டினார். ட்ராப்பைத் திறக்கவேயில்லை. 2023 டிசம்பரில் திரும்பவும் அதே மினுங்கல். வேறொரு நிறுவனத்தைக் கூப்பிட்டோம். அவர்கள் பிரஷர் ஸ்விட்ச் பழுது என்று சொல்லிப் புதிது மாற்றிக் காசு வாங்கிப் போனார்கள். இரண்டு வாரத்தில் மறுபடியும் நின்றது. அந்த ஸ்விட்சில் பழுதே இல்லை. வடிகிற இடத்தைப் பார்க்காமல் காவலாளியை மாற்றியிருக்கிறார்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இப்படிச் செய்யலாமா?

அப்புறம் நானே கற்றுக்கொண்டேன். செப்ரெம்பர் கடைசிக் கிழமை, வெளியே இன்னும் வெயில் இருக்கும்போதே, பக்கத்திலுள்ள ஸ்விட்சை அணைத்துவிட்டு ட்ராப்பைக் கழற்றுவேன். சுடுதண்ணீரில் அலசி, குழாய்களை ஊதிப் பார்த்து, பூட்டும்போது அதற்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிடுவேன். இந்தக் கடைசி வேலையை மறக்கவே கூடாது. காய்ந்த ட்ராப் புகையையோ காற்றையோ தடுக்காது. பிறகு ஹீட்டைப் போட்டு அரைமணிநேரம் ஓடவிட்டு, வடிகால் வாயில் தண்ணீர் சொட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மேலே வருவேன். ஓடும்போது குபுக் குபுக் என்று சத்தம் கேட்டால் அடைக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முதல் நாள் வரும் தூசி கருகும் மணத்துக்குப் பயப்பட வேண்டாம், கொஞ்ச நேரத்தில் போய்விடும். காற்றை உள்ளே எடுக்கவும் புகையை வெளியே விடவும் வீட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வெள்ளைக் குழாய்களையும் பார்க்க வேண்டும். ஒரு வருடம் குளவி கூடு கட்டியிருந்தது. பனி கொட்டினால் அவற்றைச் சுற்றி வழித்துவிட வேண்டும். கார்பன் மொனொக்சைட் அலாரத்தையும் அன்றே அழுத்திப் பார்த்துவிடுவேன். எரிவாயுக் குழாயிலும் பர்னரிலும் நான் கை வைப்பதில்லை. அது உரிமம் உள்ளவரின் வேலை.

இந்த வேலையில் என்னை எரிச்சலூட்டுவது ட்ராப் இருக்கும் இடம். எங்கள் மொடலில் அது ஊதுகாற்றி மோட்டாருக்குப் பின்னால், மூலையில் ஒளிந்திருக்கிறது. இரண்டு விரல் மட்டும் நுழையும். கிளிப்பைப் பிடித்து இழுத்து எத்தனை தடவை நகக்கண் கிழிந்திருக்கிறது! வருடம் ஒருமுறை கழுவ வேண்டிய பொருளை இவ்வளவு உள்ளே வைத்தவர் ஒருநாளாவது கழுவிப் பார்த்திருக்க வேண்டும்.

தண்ணீர் வராத மொடல் வாங்கலாமே என்று கேட்காதே, மருமகனே. 2019 ஜூலைக்குப் பிறகு தயாராகும் வீட்டு எரிவாயு ஃபர்னஸ்களுக்குக் குறைந்தது 95 சதவீதத் திறன் வேண்டும் என்பது கனடாவின் விதி. ஆகவே எதை வாங்கினாலும் தண்ணீர் வரும். ஒன்பது விண்டர் எங்களைச் சூடாக வைத்திருந்த மெஷின், சத்தமில்லாத மெஷின், மாதப் பில்லிலும் குறை சொல்ல முடியாது. இவ்வளவும் சொல்லிவிட்டு, இதை வாங்காதே என்றுதான் சொல்வேன். அம்மா அன்று இரவு நடுங்கியது என் கண்ணை விட்டுப் போகவில்லை. முன்கதவைத் திறந்ததும் ட்ராப் கைக்கு எட்டுகிற மொடலாகப் பார். கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன் கதவைக் கழற்றிக் காட்டச் சொல். வாடகைத் திட்டம் என்று எதையாவது நீட்டினால் கையெழுத்துப் போடாதே, முழுவதும் வாசித்து என்னிடமும் காட்டு.

சனிக்கிழமை காலை வருகிறேன். உன் வீட்டிலுள்ள பழையதையும் திறந்து பார்ப்போம். ஒரு வாளியும் டோர்ச் லைட்டும் எடுத்து வை.