போடிமெட்டு இறக்கம்: பேடிலா, லீவரா, வெறும் பிரேக்கா?

2014ல் மாருதி செலிரியோ ஏஎம்டி கியரோடு (மேனுவல் கியர்பாக்ஸையே கணினி மாற்றிவிடும் வகை) வந்தபோது, "ஆட்டோமேட்டிக் மலைக்கு ஆகாது" என்பதுதான் போடிப் பக்கத்துப் பேச்சு. இன்றைக்கு பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்குப் போய்வரும் சொந்தக் கார்களில் ஆட்டோமேட்டிக் சாதாரணம். ஏறுவதில் பெரிய சிக்கல் இல்லை, வண்டியே கியரைக் குறைத்துக்கொள்ளும். வித்தியாசம் இறக்கத்தில்தான் தெரியும். தமிழக-கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவையும் 'டி'யில் (வழக்கமான டிரைவ் நிலை) போட்டு பிரேக்கிலேயே இறங்கிய கார் அடிவாரத்து முந்தலில் வந்து நின்றால், முன்சக்கரம் பக்கம் கருகல் வாடை வரும்.

கணக்கு எளிது. ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள கார் சுமார் 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறது. அந்த ஆற்றல் நான்கு யூனிட் கரண்டுக்குச் சமம். காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் எங்காவது வெப்பமாகப் போயாக வேண்டும்: பிரேக் டிஸ்க்கிலா, எஞ்சினிலா? அதைத் தீர்மானிப்பது நம் கை.

வெறும் பிரேக்கை நம்புவது ஏன் ஆபத்து? டிஸ்க்கை அழுத்தும் பிரேக் பேட் அளவுக்கு மீறிச் சூடானால் பிடிப்புக் குறையும், எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி கேட்காது. அதைவிட மோசம் பிரேக் ஆயில் கொதிப்பது. புது டாட் 4 தர பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பிறகு அது 155 வரை இறங்கலாம். குழாய்க்குள் ஆவி உண்டானால் பெடல் தரை வரைக்கும் போகும். ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். சர்வீஸ் பில்லில் முதலில் வெட்டுப்படுவதும் இந்த வரிதான்!

தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவர்கள் "ஏறின கியர்லயே இறங்கணும்" என்பார்கள். ஆட்டோமேட்டிக்குக்கும் அதே விதிதான். பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை விட்டதும் காற்று நுழையும் வாயிலான திராட்டில் மூடிக்கொள்ளும். பிஸ்டன்கள் அடைத்த வாயில் வழியே காற்றை இழுக்கப் போராடும், அந்தப் போராட்டம் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். இதுதான் எஞ்சின் பிரேக்கிங். இந்த நேரத்தில் இன்ஜெக்டர்கள் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டு மிச்சம் பிடிப்பதாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்: நியூட்ரலில் எஞ்சின் ஐடிலில் ஓட பெட்ரோல் குடிக்கும், கியரில் இறங்கும்போது குடிக்காது. பிடிப்பும் போய், பெட்ரோலும் போகும்.

சரி, கியரைக் குறைக்க ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டும் பேடிலா, நடுவில் இருக்கும் லீவரா?

பேடில் முதலில் புகழ்பெற்றது 1989ல், ஃபெராரியின் ஃபார்முலா ஒன் காரில். அங்கே வேலை வேகம். நமக்கு வேலை நிதானம். அதற்கும் பேடில் நல்லதுதான், கை ஸ்டியரிங்கை விட்டு எடுக்க வேண்டாம். நேர்ச்சாலையிலும் லேசான வளைவிலும் இடது பேடிலை (கழித்தல் குறி, கியரைக் குறைப்பது) ஒரு தட்டு தட்டினால் போதும். ஆனால் கொண்டை ஊசி வளைவில் கதை வேறு. நம்மூர்க் கார்களில் பெரும்பாலும் பேடில் ஸ்டியரிங் சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றும். பாதிச் சுற்று திருப்பினால் இடது பேடில் வலப்பக்கம் போயிருக்கும். எதிரே கேரளா பஸ் வருகிற நேரத்தில் கழித்தலுக்குப் பதில் கூட்டலைத் தட்டினால், வேண்டாத நேரத்தில் கியர் ஏறி வண்டி தளரும். வளைவுக்கு முன்பே குறைத்துவிடவேண்டும், வளைவுக்குள் பேடிலைத் தேடக்கூடாது.

இன்னொரு குறை பலருக்குத் தெரிவதே இல்லை. 'டி'யில் இருக்கும்போது பேடிலைத் தட்டினால் அது தற்காலிகம். கொஞ்ச நேரம் சீராகப் போனால் கணினி தானாகவே பழையபடி 'டி'க்குத் திரும்பிவிடும், கியர் மேலேறிவிடும். "பேடில் வச்ச வண்டிதான், ஆனா பிடிக்க மாட்டேங்குது" என்ற புகார் பலநேரம் இங்கிருந்துதான் வருகிறது. தீர்வு லீவரில் இருக்கிறது. 'எம்' (மேனுவல்) அல்லது 'எஸ்' (ஸ்போர்ட்) நிலைக்குத் தள்ளிவிட்டுப் பிறகு பேடிலைத் தட்டுங்கள், கியர் அங்கேயே நிற்கும். ஆக, இந்த இறக்கத்தைப் பொறுத்தவரை என் ஓட்டு லீவருக்கு. பேடில் அதன்மேல் கிடைக்கும் வசதி, அவ்வளவே. லீவரிலும் ஒரு எரிச்சல் உண்டு: ஒரு கம்பெனியில் முன்னால் தள்ளினால் கியர் ஏறும், இன்னொன்றில் இறங்கும். வீட்டில் இரண்டு கார் வைத்திருப்பவர்கள் கவனம்.

கியர்பாக்ஸ் எந்த வகை என்பதும் இதில் முக்கியம். எஞ்சின் விசையை ஆயில் வழியே கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகையில், இரண்டையும் நேராக இணைக்கும் லாக்கப் கிளட்ச் பிடித்துக்கொண்டால் எஞ்சின் பிரேக்கிங் நன்றாகவே கிடைக்கும். பிரெஸ்ஸா, எர்டிகா ஆறு கியர் ஆட்டோமேட்டிக் இந்த வகை. தனித்தனிக் கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் சிவிடிதான் கொஞ்சம் ஏமாற்றும். 'டி'யில் ஆக்சிலரேட்டரை விட்டதும் மைலேஜுக்காக எஞ்சின் சுழற்சியைத் தாழ்த்திவிடும், வண்டி வழுக்கிக்கொண்டே போகும். ஹோண்டா சிட்டி மாதிரி சிவிடி வைத்திருப்பவர்களுக்குத்தான் பேடில் உண்மையில் தேவை. 'எஸ்'ஸில் போட்டு இரண்டு தட்டு தட்டினால் வண்டியின் குணமே மாறும். ஏஎம்டியில் பெரும்பாலும் பேடில் இருக்காது, அதனால் குறையும் இல்லை. உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான் என்பதால் 'எம்'மில் போட்டால் பிடிப்பு அசல். ஒன்றே ஒன்று: கியர் மாறும் அந்த நொடியில் கிளட்ச் விடுபட்டு வண்டி தாவும். அதனால் முதலில் பிரேக், பிறகு கியர். இரட்டைக் கிளட்ச் வைத்த டிசிடி இறக்கத்தில் தொல்லை தராது. அதற்குச் சோதனை ஏற்றத்து நெரிசல்.

'எஞ்சின் கத்துதே, கெட்டுப்போகாதா?' என்ற பயம் வேண்டாம். 4,000 சுழற்சி என்பது எஞ்சினுக்கு வேலை நாள்தான். அளவுக்கு மீறும் என்றால் கணினியே கியரைக் குறைக்க மறுத்துவிடும். அதேசமயம் ஊருக்குள் ஒவ்வொரு சிக்னலுக்கும் பேடில் தட்டிக் குறைப்பது வீண், அங்கே பிரேக் போதும். மழைக்காலத்தில் பூப்பாறைப் பக்கம் மூடுபனியும் ஈரச்சாலையும் சேரும்போது வளைவுக்குள் சட்டென்று கியரைக் குறைக்க வேண்டாம். அந்தப் பிடிப்பு எஞ்சின் ஓட்டும் சக்கரங்களில் மட்டுமே விழும். பின்னால் வருபவருக்கும் எச்சரிக்கை தேவை: எஞ்சின் பிரேக்கிங்கில் பிரேக் விளக்கு எரியாது. பெடலை லேசாகத் தொட்டுக் காட்டுங்கள்.

இறக்கக் கட்டுப்பாட்டு பட்டன் இருக்கிறதே என்று கேட்கலாம். அது பிரேக்கைத்தான் பிடித்துப் பிடித்து விடுகிறது. தோட்டத்துக் கரட்டுப் பாதைக்கு அது சரி, 20 கிலோமீட்டர் தார்ச்சாலை இறக்கத்துக்கு அல்ல.

எலக்ட்ரிக் காரில் பேடிலின் வேலையே வேறு. நெக்ஸான் இவியில் அது ரீஜென் (மோட்டாரே வண்டியைப் பிடித்து கரண்ட் எடுப்பது) அளவைக் கூட்டிக் குறைக்கும். வீணாகும் வெப்பத்தில் ஒரு பகுதி பேட்டரிக்கே திரும்பும். டொயோட்டா ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைபிரிடில் லீவரின் 'பி' நிலை இந்த வேலையைச் செய்யும் (பார்க்கிங்குக்கான 'பி' அல்ல, பிரேக்கிங்குக்கானது). ஒரே நிபந்தனை, பேட்டரியில் இடம் இருக்கவேண்டும். எலக்ட்ரிக் காரில் மூணாறில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் ரீஜென் தளர்ந்துவிடும், பிரேக்கே கதி. எண்பதில் நிறுத்திக்கொண்டு கிளம்பலாம்.

வாரம் ஒருமுறை மெட்டு ஏறி இறங்குகிறவர், பேடிலுக்காக மட்டும் மேல் வேரியண்ட்டுக்குப் பணம் கொட்டவேண்டியதில்லை. சிவிடி வாங்குகிறவர்கள் மட்டும் யோசிக்கலாம். டெஸ்ட் டிரைவுக்கு தேனி பைபாஸில் ஓட்டிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முந்தல் தாண்டி இரண்டு வளைவாவது ஏறி, திரும்பி இறங்கச் சொல்லுங்கள். லீவரை 'எம்'மில் போட்டு இரண்டாம் கியரில் காலை எடுங்கள். வேகம் தானாக அடங்குகிறதா, கியர் சொல்லாமல் மூன்றுக்குப் போகிறதா என்று பாருங்கள்.